சாயப்பூச்சி வளர்க்க நினைத்த டாக்டர்

நுங்கம்பாக்கம் ஆண்டர்சன் ரோடு வழியா தினமும் போய் வர்றவங்க உங்கள்ல சிலர் இருப்பீங்க. அந்த ஆண்டர்சன் ஒரு டாக்டர். பேர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராக வந்து, மெட்ராஸில் பிசிஷியன் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். படைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பொறுப்பான உத்தியோகம். ஆனா மனசு பூரா செடிகொடி மேலதான். மல்பெரி நட்டு பட்டுப்பூச்சிகூட வளர்த்துப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு சாயம் தந்தது ஒரு பூச்சி. மெக்சிகோவில் கள்ளிச்செடியில் வாழும் பூச்சி அது. ஒரு பவுண்டு சாயப்பொடிக்கு சுமார் 70,000 பூச்சி வேணும். வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில். இதை மெட்ராஸிலேயே வளர்த்துட்டா கம்பெனிக்குப் பணம் கொட்டும்னு ஆண்டர்சன் கணக்குப் போட்டார். 1786ல் இங்கே புல்லில் கிடைத்த ஒரு பூச்சியைப் பற்றி லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அது சாயத்துக்கு உதவாதுன்னு பதில் வந்தது. மனுஷன் விடலை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்.

1795ல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பல் கேப்டன் நிஜமாகவே சாயப்பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து மெட்ராஸுக்கும் வந்தது. ஆனா அது மட்டமான ரகம். சாயம் மெக்சிகோ சரக்குக்குப் பக்கத்திலகூட நிக்கலை. பூச்சியோ கள்ளியைத் தின்னே தீர்த்தது. 1809ல் ஆண்டர்சன் மெட்ராஸிலேயே காலமானார். சாயத் திட்டமும் படுத்துப்போச்சு.

கதை அதோட முடியலை. கள்ளி காடுமேடெல்லாம் பரவி விவசாயியை விரட்டின இடங்களில், 1830களில் இதே பூச்சியை வேணும்னே கொண்டுபோய் விட்டாங்க. ஒரு களையை அழிக்கப் பூச்சியை ஏவிவிட்டது உலகத்திலேயே அதுதான் முதல்தடவைன்னு சொல்றாங்க.

ஆனா அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைத்தான் தின்னும். நம்ம சப்பாத்திக்கள்ளியை ஏறெடுத்தும் பாக்காது. அதுக்கு 1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு சாயப்பூச்சி வரவேண்டியிருந்தது. அது வந்த பிறகுதான் தென்மாவட்டத்துக் காடுகரைகள் மூச்சுவிட்டன. கிராமப்பக்கம் போனா, கள்ளி மடலில் வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பதை நசுக்கிப் பாருங்க. விரல் ரத்தமா சிவக்கும்.

2008ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளியில் மாவுப்பூச்சி விழுந்து, மல்பெரி, மரவள்ளின்னு பரவினது ஞாபகம் இருக்கலாம். எத்தனை மருந்தடிச்சும் அடங்கலை. 2010ல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டாங்க. மாவுப்பூச்சி அடங்கிப்போச்சு.

ஆண்டர்சனுக்குக் கள்ளி பயிர், பூச்சி ஆடுமாடு மாதிரி. நமக்குக் கள்ளி களை, பூச்சி கூலி கேக்காத ஆள். எந்தப் பூச்சி எதைத் தின்னும்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா, மருந்துக்கடைக்காரர்கிட்ட கடன் சொல்ற நாள் கொஞ்சம் குறையும்.