எண்ணெய் தடவிய குடுமி

புறநானூற்றின் 279ஆம் பாட்டு நம்மில் பலருக்குப் பள்ளி நாளிலிருந்தே தெரிந்ததுதான். ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர் பாடியது. மொத்தம் 11 அடி.

முன்பு நடந்த போரில் ஒரு பெண்ணின் வீட்டு மூத்தவர் யானையை வீழ்த்திக் களத்திலேயே இறந்தார். அவரைத் தந்தை என்பாரும் உண்டு, தமையன் என்பாரும் உண்டு. நேற்று நடந்த போரில் ஆநிரையைக் கவர விடாமல் தடுத்து நின்ற கணவன் மாண்டான். இன்று மறுபடியும் போர்ப்பறை கேட்கிறது. அவள் மகனிடம் வேலைக் கொடுத்து, வெள்ளை ஆடை உடுத்தி, பறட்டைக் குடுமிக்கு எண்ணெய் தடவிப் போருக்கு அனுப்புகிறாள். அவளுக்கு அவன் ஒரே மகன்.

பெண்ணாடத்தில் நான் கேட்ட இலக்கியக் கூட்டங்களில் இந்தப் பாட்டு வந்தால் "வீரத்தாய்" என்ற சொல்லும் கைதட்டலும் கூடவே வரும். ஈழப்போர்க் காலத்தில் புறநானூற்றுத் தாய் மேடைகளில் ஓர் அறைகூவலாகவே ஆனாள். பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பச் சொல்ல ஒரு பாட்டு பயன்படுமானால், அது உண்மையில் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

நான் படித்தது பிரெஞ்சு மொழிவழிப் பள்ளியில். செய்யுளைப் பாராட்டுவதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே பாடம். பேசுவது யார்? வினைச்சொற்கள் எந்தக் காலம்? எந்தச் செய்தி கடைசியில் வருகிறது?

முதல் கேள்வி. பேசுவது தாய் அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் வேறொருவர். அவர் "வாழ்க" என்று தொடங்கவில்லை. சிந்தை கெட்டுப்போகட்டும், இவள் துணிவு கொடியது என்கிற பொருளில், ஏறக்குறைய ஒரு சாபம்போல் தொடங்குகிறார். அதன் பிறகுதான், பழங்குடிப் பெண்ணுக்கு இது தகும் என்று சொல்கிறார். திகைப்பு முதலில், பாராட்டு பிறகு.

இரண்டாவது, காலம். இறந்த இருவரின் வாக்கியங்களும் இறந்தகால வினையில் முடிந்துவிடுகின்றன. மகனைப் பற்றிய வாக்கியம் அப்படி முடியவில்லை. பாட்டு முடியும்போது அவன் இன்னும் உயிரோடு வாசலில் நிற்கிறான்.

பறை கேட்ட தாயின் மனத்தைச் சொல்லும் இடத்தில் விருப்பத்தை ஒட்டியே மயக்கத்தையும் புலவர் வைத்திருக்கிறார். மேடையில் விருப்பம் மட்டும்தான் காதில் விழுகிறது.

அவள் செய்யும் காரியங்கள் மூன்று. வேல் கொடுப்பது ஒன்றுதான் போரைச் சேர்ந்தது. துணி உடுத்துவதும் தலைக்கு எண்ணெய் தடவுவதும் எந்தத் தாயும் பண்டிகை நாளில் பிள்ளைக்குச் செய்வது. தலை ஏன் பறட்டையாக இருக்கிறது? நேற்றுச் சாவு விழுந்த வீடு. பிள்ளையின் தலையைக் கவனிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

மூன்றாவது, அவன் ஒரே மகன் என்ற செய்தி. பத்தாம் அடி வரை புலவர் அதைச் சொல்லவே இல்லை. பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போ 1870இல், பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டபோது எழுதிய பதினான்கடிக் கவிதை நினைவுக்கு வருகிறது. பசும்புல்லில் ஓர் இளம் வீரன் தூங்குகிறான் என்றே படித்துக்கொண்டு போவோம். அவன் உடம்பில் இரண்டு துளைகள் இருப்பது கடைசி அடியில்தான் தெரியும். அப்போது அந்தக் கவிஞருக்கு வயது 16 அளவில்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே இந்தப் பாட்டுக்குப் பழைய உரையாசிரியர் துணை இல்லை. பாட்டின் கீழே உள்ள "வாகைத் திணை, மூதின்முல்லைத் துறை" என்ற குறிப்பே பலருக்கு உரையாகிவிட்டது. வாகை என்றால் வெற்றி. பாட்டுக்குள் வெற்றி பெற்றவர் யாரும் இல்லை.

இந்த ஆநிரைச் சண்டைகள் கற்பனை அல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் ஒன்று ஆகோளில் இறந்தவனுக்காக நட்டது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் உள்ளது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும்போது பட்டான் என்கிறது அது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அன்று காலை அவனுக்குத் தலைவாரி அனுப்பியவள் யார் என்று கல்லில் இல்லை. அந்த இடத்தைத்தான் மாசாத்தியாரின் பாட்டு நிரப்புகிறது.

அவளிடம் வீரம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீரத்துக்கு அவள் கொடுத்த விலையையும் புலவர் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை இந்தப் பாட்டைக் கேட்கும்போது, வேல் வரும் அடியிலேயே கைதட்டிவிடாமல், எண்ணெய் வரும் அடியும் அதற்கடுத்த அடியும் முடியும் வரை பொறுத்திருந்து கேளுங்கள்.