காலணாத் தாளைக் கோத்த கைகள்

பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு



பண்டிதர் அயோத்திதாசர் 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். அவரை நினைவுகூரும் கூட்டங்களில் அவருடைய பௌத்தத்தைப் பேசுகிறோம். சாதி பற்றிய அவருடைய ஆராய்ச்சியையும் தமிழ் இலக்கியத்தை அவர் வாசித்த முறையையும் பேசுகிறோம். ஆனால் அந்தச் சிந்தனை ஒரு தாளாக, கையில் பிடித்துப் படிக்கும் பொருளாக எப்படி ஆனது என்பதைப் பேசுவது குறைவு. இந்த ஆண்டு அதையே பேசுவது என்று முடிவு செய்தோம். அச்சும் வடிவமைப்பும் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளிடம், இது நமக்கான படிப்பா என்ற தயக்கம் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பெரிய கல்லூரிகளில் படிக்கும் படிப்பு என்று அது பெயர் வாங்கிவிட்டது. வரலாறு வேறு சொல்கிறது. இந்த நகரத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பள்ளியில் சேர்ந்து கற்காமல், செய்து செய்தே நாம் கற்ற கலை அது.

1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. புதன்தோறும் வரும் வார இதழ், நான்கு பக்கம், விலை காலணா. இதழின் பெயரிலேயே விலை இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். அன்றைய கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா. அதாவது 64 பிரதிகள் விற்றால்தான் ஒரு ரூபாய் கைக்கு வரும். தாள், மை, கூலி, தபால் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்கும்படி இதழை அமைத்திருக்கிறார்கள். இன்றைய வடிவமைப்பு வகுப்பில் ஆசிரியர் முதல் நாள் கொடுக்கும் பயிற்சி ஏறக்குறைய இதுதான்: உன் வாசகர் யார், அவரால் எவ்வளவு கொடுக்க முடியும், அதற்குள் என்ன செய்வாய்? பண்டிதர் அந்தக் கேள்விக்குப் பெயர்ப்பலகையிலேயே விடை எழுதினார். ஓராண்டுக்குப் பின் வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 'ஒரு பைசா' நீங்கி, இதழ் 'தமிழன்' ஆயிற்று.

நான்கு பக்கம் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு முழுத் தாளை இரண்டு புறமும் அச்சடித்து ஒரே மடிப்பு மடித்தால் நான்கு பக்கம் வந்துவிடும். தைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். தாளின் ஒரு புறத்தில் நான்காம் பக்கமும் முதல் பக்கமும் அருகருகே நிற்கும்; மறுபுறத்தில் இரண்டும் மூன்றும் நிற்கும். எந்தச் செய்தி எங்கே வரவேண்டும், எது கடைசியில் அச்சேற வேண்டும் என்பதை இந்த அடுக்கு தெரிந்தவரால்தான் சொல்ல முடியும். ஒரு தாளை மடித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் புரிகிற இந்தக் கணக்கு, புத்தகத்தில் படித்தால் ஒரு நாளிலும் புரியாது.

இந்த முயற்சி வெறுமையிலிருந்து பிறக்கவில்லை. ஜெ. பாலசுப்பிரமணியம் தம் ஆய்வு நூலில் தலித் இதழ்களின் வரலாற்றை 1869இன் 'சூரியோதய'த்திலிருந்து தொடங்குகிறார். 1885இல் 'திராவிடப் பாண்டியன்' வந்தது. ஜான் இரத்தினமும் அயோத்திதாசரும் அதில் சேர்ந்து உழைத்தார்கள். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். தொடங்க ஆன செலவு பத்து ரூபாய், அதுவும் நான்கு பக்கம், சுமார் 400 பிரதிகள் இரண்டே நாளில் விற்றன என்று 1939இல் வந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவர் எழுதுகிறார். மாத இதழ் மூன்று மாதத்தில் வார இதழானது; இரண்டு ஆண்டில் சொந்த அச்சுக்கூடம் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஒரு சிறிய தாள். அது விற்றதும் அடிக்கடி வரும் தாள். அது நிலைத்ததும் இயந்திரம். எல்லாம் கற்று முடித்த பிறகு தொடங்குவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஒவ்வோர் இதழும் அடுத்த இதழுக்குப் பாடமாக இருந்தது.

தலைப்பெழுத்தையும் நினைத்துப் பாருங்கள். தெருவில் இழிவாகச் சொல்லப்பட்ட ஒரு பெயரை, இதழின் தலையில், எல்லோரும் காணும்படி அச்சில் நிறுத்தினார் சீனிவாசன். அது அரசியல் முடிவு என்று நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். அது வடிவமைப்பு முடிவும்தான். எதைப் பெரிதாகக் காட்டுவது, எதை முதலில் கண்ணில் படவைப்பது என்று தீர்மானிப்பதே வடிவமைப்பாளரின் வேலை.

சொந்த அச்சு ஏன் தேவைப்பட்டது? 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு அயோத்திதாசர் நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். கோயில் நுழைவையும் நம் பிள்ளைகளின் கல்வியையும் பற்றிக் கேட்டார். உங்கள் குலத்துக்கு இந்தச் சாமிகள் உரியவை அல்ல என்பதுதான் அங்கே எழுந்த குரல். பிறர் மேடையில் நம் கேள்விக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். பிறர் இதழில் அதைவிட அதிகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? நம் கேள்வியை நாமே கோத்து, நாமே அச்சடித்து, நாமே தபாலில் சேர்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததில் வியப்பில்லை. இராயப்பேட்டையில் கௌதம அச்சகம் எழுந்தது அப்படித்தான். அதன் பின்னால் கோலார் தங்கவயல் தொழிலாளர்களின் காசும் இருந்தது.

அடையாறு இந்தக் கதையில் எங்கே வருகிறது? 1882 இறுதியில் பிரம்மஞான சபை அடையாறுக்கு வந்தது. 1894இல் ஆல்காட் ஊரூர் அருகே நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் அவர் துணையோடுதான் அயோத்திதாசர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பள்ளி வாசகரை உருவாக்கும். அந்த வாசகர் கையில் கொடுக்கத் தாள் வேண்டும். அடையாறில் எழுத்தறிவு, இராயப்பேட்டையில் இதழ். நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இவை இரண்டும் நிகழ்ந்தன. இடையில் மயிலாப்பூர் இருந்தது. வழக்கறிஞர்களும் பத்திரிகைப் பெரியவர்களும் வாழ்ந்த மயிலாப்பூர். அந்த வீதிகளின் அச்சு வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதன் வடக்கு எல்லையில் காலணாவுக்கு விற்ற தாளின் வரலாறு எழுதப்பட நூறு ஆண்டு பிடித்தது.

ஈய அச்சில் கோப்பது என்றால் என்ன என்பதை இன்றைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இடக்கையில் கம்போசிங் ஸ்டிக், எதிரே எழுத்துப் பெட்டிகள். வலக்கையால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வரியாக நிறுத்த வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். வரியைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். வரி நிறைந்ததும் காலியில் ஏற்றி, நூலால் கட்டி, ப்ரூஃப் எடுத்து, பிழை திருத்தி, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி, இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். அச்சடித்து முடிந்ததும் அத்தனை எழுத்தையும் பிரித்துப் பெட்டியில் போட வேண்டும். எழுத்து குறைவாக உள்ள சிறிய அச்சகத்தில் ஒரு பக்கத்தைக் கலைத்தால்தான் அடுத்த பக்கத்தைக் கோக்க முடியும். தமிழுக்குப் பெட்டிகளும் அதிகம். 'ணா', 'றா', 'னா', 'லை', 'னை' போன்ற எழுத்துகளுக்கு அன்று தனி வடிவம், தனி அச்சு. பெரியார் 1935 முதல் குடி அரசில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றபோதுதான் அப்படிப்பட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவம் விடைபெற்றது. எழுத்துச் சீர்திருத்தத்தை மொழி விவாதமாக மட்டும் பார்க்கிறோம். அச்சுக்கோப்பவருக்கு அது கைவலி குறைந்த செய்தி.

இந்த வேலையைச் செய்தவர் எழுத்தை வெறும் ஒலியாக அறிந்தவர் அல்லர். எடையாக, அகலமாக, இடைவெளியாக அறிந்தவர். எழுத்தைத் தொடவும் கேட்கவும் தடை சொன்ன சமூகத்தில், ஒருவர் நாள் முழுவதும் எழுத்தைத் தொட்டுத் தொட்டு அடுக்குகிறார் என்பது சின்ன விஷயமா? சீனிவாசனின் பெயர் நமக்குத் தெரியும், பண்டிதரின் பெயர் தெரியும். அவர்கள் இதழ்களைக் கோத்தவர்கள், மை தடவியவர்கள், மடித்தவர்கள் நம் வரலாற்றிலேயே ஏறவில்லை. சிந்தித்தவர் மேலே, செய்தவர் கீழே என்ற வரிசை யாருடைய வரிசை என்று உங்களுக்குத் தெரியும். அதை எதிர்த்து எழுதும் நாமும் அதே வரிசையில் வரலாறு எழுதலாமா?

'தமிழன்' நமக்கு மீண்டும் கிடைத்த விதத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. அன்பு பொன்னோவியம் பாதுகாத்து வைத்த இதழ்களின் துணையோடு ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை 1999இல் கொண்டுவந்தார். அந்தத் தொகுதிகள் இல்லையென்றால் இன்று இந்தக் கூட்டமே இல்லை. ஆனால் தொகுதியாகும்போது கட்டுரைகள் பொருள்வாரியாகப் பிரிகின்றன. புதிய எழுத்தில், புதிய பக்கத்தில் வருகின்றன. ஒரே பக்கத்தில் வாசகரின் கேள்வியும் பண்டிதரின் விடையும் தொடர் வரலாறும் அந்த வாரச் செய்தியும் எப்படி அருகருகே நின்றன என்பது மறைந்துவிடுகிறது. பக்கத்தின் அமைப்பும் ஒரு சிந்தனைதான். கேள்வி–விடை வடிவம், படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கூடிக் கேட்பதற்கு ஏற்ற வடிவம். வடிவமைப்பு படித்த நம் மாணவர் ஒருவர் அந்தப் பக்கங்களை எடுத்து, ஒரு பக்கத்தையாவது மீண்டும் தன் கையால் கோத்துப் பார்த்தால், ஆய்வாளர் கண்ணில் படாத பலவும் அவர் கண்ணில் படும்.

கையால் செய்து கற்கும் வழி இன்றும் தென்சென்னையில் இருக்கிறது. 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகம் திருவான்மியூரில் இயங்குகிறது. அங்கே பணியாற்றும் வ. கீதா, எஸ்.வி. ராஜதுரையோடு சேர்ந்து, அயோத்திதாசர் முதல் பெரியார் வரையிலான வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். தாராவின் பல நூல்களை ஆறுமுகம் தலைமையில் இயங்கும் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பணிமனைக் கலைஞர்கள் கையால் அச்சடிக்கிறார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம், மையை இழுக்கும் ரப்பர்ப் பட்டை. ஒரு நிறம் அடித்துக் காயவைத்து, அடுத்த நிறத்தை மயிரிழை பிசகாமல் அதன்மேல் ஏற்ற வேண்டும். பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம்சிங் உர்வேத்தி என்ற மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்கள் 2006இல் அப்படித்தான் கருப்புத் தாளில் நூலாயின. அந்த நூல் 2008இல் இத்தாலியின் பொலோனியாவில் பரிசு பெற்றது.

அதே துர்காபாய், சுபாஷ் வியாமோடு சேர்ந்து, நவாயனா 2011இல் வெளியிட்ட 'பீமாயண'த்துக்குப் படம் வரைந்தார். அண்ணலின் வாழ்க்கையை அவர்கள் கட்டம் கட்டமாக அடைக்கவில்லை. அன்பான பேச்சு பறவை வடிவத்துக்குள் வருகிறது. சாதித் திமிர் பேசும் வாய்க்குத் தேளின் கொடுக்கு முளைக்கிறது. பேச்சுக் குமிழி எப்படி இருக்க வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. வீட்டுச் சுவரிலும் தரையிலும் வரைந்து வளர்ந்த கை சொல்லித்தந்தது.

ஆகவே மாணவர்களுக்குச் சொல்கிறோம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் அச்சுத் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. தரமணியில் அரசின் அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. எழும்பூருக்கு அருகே 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. இவற்றில் நம் இடங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் 14க்குச் சுவர் எழுதும் அண்ணன், தெருமுனை டி.டி.பி. கடையில் துண்டறிக்கை அமைக்கும் அக்கா, பைண்டிங் கடையில் தாள் மடிக்கும் தம்பி ஆகியோரும் வடிவமைப்பாளர்களே. அவர்களிடம் போய் உட்காருங்கள். ஒரு தாள், ஒரு மடிப்பு, நான்கு பக்கம் என்று தொடங்குங்கள். உங்கள் குடியிருப்பில் யாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டுவிட்டு விலை வையுங்கள். எழுத்தின் அளவைப் பாட்டியின் கண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் இதழ் கோணலாக வரும். இரண்டாவது அதைவிட நேராக வரும்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வெளியிடும் நூல்களில் எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கிறது, வெளியிட்டவர் பெயர் உள்ளே இருக்கிறது, நன்கொடையாளர் பெயர் தவறாமல் இருக்கிறது. பக்கம் அமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர், அச்சு இயந்திரம் ஓட்டியவர், தைத்து ஒட்டியவர் பெயர்கள் இல்லை. இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு நான்கு வரி போதும். 1907இன் கைகளின் பெயர்களை நாம் இழந்துவிட்டோம். நம் காலத்துக் கைகளின் பெயர்களையும் இழந்தால் பழியை வேறு யார்மீதும் போட முடியாது.

இந்தச் சிறுநூலின் கடைசிப் பக்கத்தில் அந்த நான்கு வரிகள் அச்சாகியிருக்கின்றன. இனி நம் அரங்கம் வெளியிடும் எந்தத் தாளும், அது ஒற்றைத் துண்டறிக்கையாக இருந்தாலும், அந்த வரிகள் இல்லாமல் வராது.