வளர்ப்புக் கிளிகளில் இறகு இழப்பு

வளர்ப்புக் கிளியின் உடலில் இறகு குறைந்து தோல் வெளித்தெரியும் நிலையை இறகு இழப்பு என்கிறோம். 'கிளிக்கு முடி கொட்டுது' என்று வளர்ப்போர் ஒரே பேச்சாகச் சொல்வதற்குள் தொடர்பற்ற மூன்று நிலைகள் அடங்கியிருக்கின்றன. ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை பழைய இறகு கழிந்து புதியது முளைப்பது இயல்பான இறகு உதிர்ப்பு. அது நோயே அல்ல. இறகுகள் இரு பக்கமும் ஒத்து, சிறிது சிறிதாக விழும். பொதுவாக உடம்பில் எந்த இடமும் மொட்டையாகாது. தொற்று, நச்சு, ஈரல் கோளாறு போன்றவற்றால் இறகு ஒழுங்காக வளராமற்போவது இரண்டாம் நிலை. பறவை தன் அலகாலேயே இறகைப் பிடுங்குவதும் மென்று சிதைப்பதும் மூன்றாவது. இந்த மூன்றாவது, காட்டுக் கிளிகளிடம் அநேகமாகக் காணப்படாத, கூண்டுக்கே உரிய சிக்கல். வளர்ப்புக் கிளிகளில் பத்தில் ஒன்று இப்படிச் செய்வதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியிலும் காக்கட்டூவிலும் இது அதிகம். இதற்குத் தீனிக் குறைவைக் காரணம் காட்டுவது நெடுநாள் வழக்கம். அது பாதி உண்மைதான். தீனிக்குள் இருக்கும் சத்தைப் போலவே, அதைத் தின்பதற்குப் பறவை படும் பாடும் உணவின் பகுதி. இந்த இரண்டாம் பகுதி கணக்கிலேயே வராததால்தான், நல்ல தீனி போட்டும் இறகு திரும்பவில்லை என்ற குறை இவ்வளவு பரவலாகக் கேட்கிறது.

காரணம் தேடுவதற்கு முன் தலையைப் பார்க்க வேண்டும். கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது. மார்பும் தொடையும் மொட்டையாகி, தலையில் மட்டும் இறகு வழுவழுவென்று இருந்தால் பறவை தானே பிடுங்குகிறது என்று கொள்ளலாம். தலையும் சேர்ந்து மொட்டையானால், கூண்டில் உடனிருக்கும் கிளி பிடுங்குகிறது, அல்லது நோய் இருக்கிறது. அந்த நோய்களில் மிகவும் அஞ்சத்தக்கது, சர்க்கோ வைரஸ் உண்டாக்கும் அலகு-இறகு நோய். 1970களில் ஆஸ்திரேலியக் காக்கட்டூக்களில் விரிவாகக் கவனிக்கப்பட்ட இந்நோயில் புதிய இறகுகள் முறுக்கியும் குறுகியும் முளைத்து உதிரும், எச்சத்தாலும் இறகுத் தூளாலும் பரவும், மருந்து இல்லை. நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜெரிகர் குஞ்சுகள் பறக்கும் இறகின்றித் தத்தித் திரிந்தால் பாலியோமா வைரஸை ஐயுற வேண்டும். (உண்மையான லவ் பேர்டு ஆப்பிரிக்கப் பறவை, பட்ஜெரிகரோ ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. சந்தை வைத்த பெயர் நிலைத்துவிட்டது.) துத்தநாக முலாம் பூசிய கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பதால் ஏறும் துத்தநாக நச்சும் ஐயப்பட வேண்டியவற்றுள் ஒன்று. ஆகவே, 'மனக்கவலையால் பிடுங்குகிறது' என்ற முடிவுக்கு இரத்தப் பரிசோதனை, இறகுப் பரிசோதனை, தேவையானால் ஊடுகதிர்ப் படம் எல்லாம் பார்த்த பிறகே வரமுடியும். மருத்துவர் இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்து, கடைசியில் மிஞ்சுவதையே நடத்தைக் கோளாறு என்கிறார்.

இனி தீனி. இறகின் எடையில் சுமார் 90 விழுக்காடு கெரட்டின் என்னும் புரதம். அதைக் கட்டுவதற்குக் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் வேண்டும். உதிர்ப்புக் காலத்தில் இத்தேவை கூடும். அந்த நேரத்தில் உணவோ உடல்நலமோ சரிந்தால், வளரும் இறகின் குறுக்கே மெல்லிய கோடாகப் பலவீனம் பதிந்து, பின்னர் அந்த இடத்திலேயே இறகு ஒடியும். கூண்டில் காலங்காலமாக வைக்கப்படும் சூரியகாந்தி விதையை இந்தத் தேவையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உரித்த பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. 100 கிராமில் கால்சியம் 80 மில்லிகிராம் அளவே. பாஸ்பரஸோ 600 மில்லிகிராமுக்கு மேல். வைட்டமின் ஏ பெயருக்குக்கூட இல்லை. அந்த வைட்டமின் நீண்டகாலம் குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்பூச்சுச் செல்கள் தடித்துக் காய்ந்துபோகும். மேலண்ணப் பிளவின் ஓரத்தில் முள்முள்ளாக நிற்கும் நீட்சிகள் மழுங்கும். தோல் வறண்டு அரிக்கும். அரிப்பு கண்ட இடத்துக்கு அலகு போவதில் வியப்பில்லை. ஆனால் இதைப் படித்தவுடன் வைட்டமின் சொட்டு மருந்து வாங்கிவிடுவது தவறு. காக்கட்டீல் கிளிகளில் நடந்த ஆய்வில் வைட்டமின் ஏ இல்லாத தீனியைப் பறவைகள் பல மாதங்கள் தாங்கின; மிகுதியாகச் சேர்த்த தீனியே நச்சு அறிகுறிகளைக் கொண்டுவந்தது. பழத்திலும் கீரையிலும் இருக்கும் கரோட்டினை உடல் தன் தேவைக்கேற்ப வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். புட்டியில் வரும் வைட்டமினுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நிறம் மங்குவதைக் கண்டு கேரட் ஊட்டினால் கிளி பளிச்சென்று ஆகிவிடும் என்பதும் சரியன்று. மற்றப் பறவைகள் பல, தின்னும் கரோட்டினாய்டுகளிலிருந்து மஞ்சளும் சிவப்பும் பெறுகின்றன. கிளிகளோ சிட்டகோஃபுல்வின் என்ற தமக்கே உரிய நிறமியை உடலுக்குள்ளேயே ஆக்கிக்கொள்கின்றன. பச்சைக்கிளியின் பச்சை, அந்த மஞ்சள் நிறமியோடு இறகின் நுண்ணமைப்பு சிதறடிக்கும் நீல ஒளி கலந்து தோன்றுவது.

காட்டிலும் கிளி விதையைத்தானே தின்கிறது, சூரியகாந்தி வயலில் பச்சைக்கிளிக் கூட்டம் இறங்குவதை விரட்டாத உழவர் உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கூட்டம் ஆண்டு முழுதும் சூரியகாந்தியை மட்டும் தின்பதில்லை. பழம், மொட்டு, பூ, தேன், பால்பிடித்த கதிர், பயறு என்று பருவத்துக்குப் பருவம் இரை மாறுகிறது. தின்பதும் பெரும்பாலும் முற்றாத, ஈரமுள்ள மணி. அதற்காகக் காலையும் மாலையும் நெடுந்தூரம் பறக்கிறது. ஆடும் தண்டில் தலைகீழாகத் தொங்குகிறது. காலால் பிடித்து, அலகால் திருப்பி, நாக்கால் தோலை ஒதுக்குகிறது. கூண்டில் இவை யாவும் கழிந்து, முற்றிக் காய்ந்த விதை மட்டும் எஞ்சுகிறது. அதிலும் கிண்ணம் நிறையக் கலப்புத் தீனி வைத்தால் கொழுப்பு மிகுந்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தினையையும் கம்பையும் தள்ளிவிடும். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட சத்துக் கணக்கு வேறு, பறவையின் வயிற்றுக்குள் போன கணக்கு வேறு.

இதற்கு விடையாக வந்ததுதான் பெல்லட் தீனி. எல்லாச் சத்தும் ஒரே உருண்டையில் அடங்கியிருப்பதால் பொறுக்க வழியில்லை. ஊட்டக் குறைவு பெருமளவு தீர்கிறது. ஆனால் வாதத்தின் மறுபாதி இங்கேதான் தொடங்குகிறது. புவேர்ட்டோ ரீக்கோவின் அமேசான் கிளிகள் காட்டில் இரை தேடி உண்ண நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் செலவிடுவதாகக் கணித்திருக்கிறார்கள். கூண்டில் பெல்லட் தின்னும் அமேசான் கிளிக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டிய பொழுதே போதும். விதைக்காவது உமி உரிக்கும் வேலை இருந்தது. பெல்லட் அதையும் எடுத்துக்கொண்டது. சத்துக்குறைந்த விதைக் கிண்ணமும் சத்துநிறைந்த பெல்லட் கிண்ணமும் இந்த ஒரு விஷயத்தில் உறவுதான்: இரண்டும் அலகுக்குப் போதிய வேலை வைப்பதில்லை. வேலையற்ற அலகு எதைத் திருப்பும், எதை உரிக்கும்? கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது அதன் சொந்த இறகு.

இது வெறும் உவமை என்று தள்ள முடியாதபடி சான்றுகள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் இளம் ஆரஞ்சுச் சிறகு அமேசான் கிளிகள் 16ஐ இரு குழுவாக்கி 48 வாரம் கவனித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. இரை தேடும் பொறிகளும் ஏறி இறங்கும் பொருள்களும் உள்ள கூண்டில் வளர்ந்தவை இறகைக் காத்துக்கொண்டன. வெற்றுக் கூண்டுக் குழுவின் இறகு நிலை சரிந்தது. பின்னர் அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது இறகு தேறியது. நெதர்லாந்தில் இறகு பிடுங்கும் சாம்பல் கிளிகளுக்குக் குழாய்க்குள் மறைத்துத் தீனி கொடுத்த ஆய்வும் இதே பக்கம் நின்றது. 2021இல் வெளிவந்த விரிவான ஒப்பாய்வு, வீடுகளில் வாழும் 50 இனங்களைச் சேர்ந்த 1,378 கிளிகளை எடுத்துக்கொண்டு, எந்த இனம் இறகைச் சிதைக்கிறது, அந்த இனம் காட்டில் எப்படி வாழ்கிறது என்று பொருத்திப் பார்த்தது. காட்டில் எந்த இனத்தின் இரைக்கு உடைத்தல், உரித்தல், கிளறல் அதிகம் தேவையோ, அந்த இனமே கூண்டில் இறகைச் சிதைப்பதில் முன்னே நின்றது. உடம்புக்கு ஒப்ப மூளை பெரிதான இனங்களிடமோ வேறு வகையான, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் மிகுந்திருந்தன. அறிவு மிகுந்ததால் சலித்துப்போய்ப் பிடுங்குகிறது என்ற பரவலான விளக்கத்தை இந்த வேறுபாடு சற்று அசைத்துவிடுகிறது.

எனினும் எல்லாவற்றையும் அலகின் வேலையின்மையில் கொண்டுபோய்க் கட்டுவது மிகை. மேற்சொன்ன கலிபோர்னிய ஆய்வுப் பறவைகள் இளையவை. பத்தாண்டு பிடுங்கிப் பழகிய கிளிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. அமேசான் கிளிகளில் பரம்பரைக் கூறும் உண்டு என்று காட்டிய ஆய்வு, இன்னொரு எளிய உண்மையையும் கண்டது: கூண்டு அறையில் எங்கே இருக்கிறது, வாசல் தெரிகிறதா என்பதுகூடப் பிடுங்கலின் அளவை மாற்றுகிறது. ஆள் வந்துபோகும் வாசலுக்கு நேரே கூண்டைத் தொங்கவிடும் வீடுகள் இதைக் கவனிக்கலாம். துணையில்லாத தனிமை, தாயிடமிருந்து பிரித்துக் கையால் ஊட்டி வளர்த்தது ஆகியவற்றையும் பங்காளிகளாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வுக்கு மனிதர் உண்ணும் குளோமிபிரமின் சில காக்கட்டூக்களுக்குப் பயன் தந்ததும் உண்மை. இவற்றில் எதுவும் அடிப்படை வாதத்தை உடைக்கவில்லை. பரம்பரையை வளர்ப்போர் மாற்ற முடியாது. கடந்துபோன குஞ்சுப்பருவத்தை மீட்கவும் முடியாது. அன்றாடம் கையில் இருக்கும் முதன்மையான கருவி, தீனியை எப்படி வைப்பது என்பதுதான்.

அந்தக் கருவிக்குப் பெருஞ்செலவு இல்லை. பெல்லட்டை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் காய், கீரை, சிறிது பழம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட முறை. தமிழ்நாட்டுச் சந்தையில் கரோட்டினுக்கு முருங்கைக்கீரையும் பரங்கிக்காயும் கோவைப்பழமும் போதும். முருங்கையில் கால்சியமும் கிடைக்கும். பழுத்த மிளகாயைக் கொடுப்பது கொடுமையாகத் தோன்றலாம். பறவைகளின் நரம்பு மிளகாயின் காரப்பொருளை உணராததால், கிளிக்கு அது இனிய பழமே. இவற்றை நறுக்கிக் கிண்ணத்தில் வைப்பதைவிட, மக்காச்சோளத்தை உமியிலையோடு, தினையைக் கதிரோடு, பட்டாணியைத் தோலோடு கொடுப்பது மேல். பெல்லட்டைக் காகிதத்தில் முடிந்தும், ஓலைக் கொட்டானில் பொதிந்தும், துளையிட்ட மூங்கில் குழாயில் அடைத்தும் வைக்கலாம். உருண்டையைப் பெரிதாக்கினாலே அமேசான் கிளிகள் காலில் பிடித்துக் கொறிக்கும் நேரம் பலமடங்கு கூடியது என்பது அளந்து கண்டது. பசியோடு இருக்கும் பறவையை உழைக்க வைப்பது வதையல்லவா என்பாருக்கு, இலவசத் தீனி பக்கத்திலேயே இருக்க, பொதிந்த தீனியைத் தேடிப் பிரித்துத் தின்னும் சாம்பல் கிளிகளே பதில். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, மது ஆகியன நஞ்சு. அளவு மீறிச் சூடேறிய நான்-ஸ்டிக் வாணலியின் புகை சில நிமிடங்களிலேயே கொல்லும்.

மற்றவை சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. சாம்பல் கிளிபோன்ற மழைக்காட்டுப் பறவைக்கு ஏ.சி. அறையின் உலர்காற்று ஆகாது. அடிக்கடி நீர் தெளிக்க வேண்டும். கண்ணாடி வழியாக வராத நேரடி வெயில் சிறிது நேரமும், இருட்டில் 10 முதல் 12 மணி நேர உறக்கமும் தேவை. அலகு உடலை எட்டாதபடி மாட்டும் கழுத்துப் பட்டை இறகைக் காக்குமேயன்றிக் காரணத்தைத் தொடாது; சதையைக் கடித்துப் புண்ணாக்கும் பறவைக்கே அது கட்டாயம். பச்சைக்கிளியும் அதைவிடப் பெரிய அலெக்சாண்டர் கிளியும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், இந்தியாவில் அவற்றைக் கூண்டில் வைப்பதே குற்றம். சாம்பல் கிளி 2016இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது. அதைப் போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும்.

தீனி மாற்றத்தில் பொறுமை வேண்டும். விதைக்குப் பழகிய கிளி பெல்லட்டை உணவென்றே அறியாமல் பட்டினி கிடக்கக்கூடும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கலந்து, காலைதோறும் கிராம் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் பழைய தீனிக்குத் திரும்பி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலனை அளக்கும்போது இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேரோடு பிடுங்கிய இறகின் குழியிலிருந்து சில வாரங்களில் புதுக்குருத்து எழும். மென்று ஒடித்த இறகோ அடுத்த உதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். முன்னதைக் கண்டு வேப்பிலைத் தண்ணீர் குணப்படுத்திவிட்டது என்றும், பின்னதைக் கண்டு புதிய முறை தோற்றது என்றும் முடிவு கட்டுவோர் உண்டு. பல ஆண்டுகள் ஓயாமல் பிடுங்கப்பட்ட குழி தழும்பேறி மூடிவிடும். பிடுங்குவது முழுதும் நின்ற பிறகும் அந்த இடத்தில் இறகு முளைப்பதில்லை.