இரவில் கால் குடைச்சலா? இரும்புச் சத்தைப் பாருங்கள்



கால் தொல்லைக்கு நம் தஞ்சை வட்டாரத்தில் பல சொற்கள் உண்டு. 'கடுக்குது' என்போம், 'எரியுது' என்போம், 'மரத்துப்போகுது' என்போம், 'குடையுது, உளையுது' என்போம். மருத்துவரிடம் போனால் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்து 'கால் வலி' என்று சொல்லிவிடுகிறோம். வலி மாத்திரையோடு திரும்பி வருகிறோம். உண்மையில் இந்தச் சொற்கள் வெவ்வேறு நோய்களைக் காட்டக்கூடியவை.

குடைச்சலின் அடையாளம் இது. பகலில் அடுப்படியிலோ வயலிலோ நடமாடும்போது தொல்லை தெரியாது. இஷா தொழுதுவிட்டுப் படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல, இழுப்பது போல இருக்கும். காலை அசைத்தே ஆகவேண்டும் என்று தோன்றும். எழுந்து நடந்தால் உடனே குறையும். மறுபடி படுத்தால் மறுபடி வரும். சென்னைக்குப் போகும் இரவுப் பேருந்திலும் உம்ரா விமானத்திலும் இவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945ல் சுவீடனின் கார்ல் ஆக்செல் எக்பம் இதை முழுமையாக விவரித்து 'அமைதியற்ற கால்கள்' என்று பெயரிட்டார். ஆகவே இது மனப்பிரமை அல்ல. கண்ணேறு, செய்வினை என்று அஞ்சுபவர்கள் ஓதிப் பார்க்கட்டும், தடையில்லை. ஆனால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட அதைக் காரணமாக்க வேண்டாம்.

இந்த நோய்க்கு முக்கியமான, சரிசெய்யக்கூடிய காரணம் இரும்புச் சத்துக் குறைவு. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சரியாக வேலை செய்ய இரும்பு வேண்டும். நம் மாநிலப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக தேசியக் குடும்பநல ஆய்வே சொல்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குடைச்சல் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணிந்துவிடும்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது 'ஃபெரிட்டின்' பரிசோதனை. அதில் 20, 30 இருந்தால்கூட ஆய்வகத் தாளில் 'நார்மல்' என்று வரக்கூடும். குடைச்சல் உள்ளவருக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்து கொடுக்கலாம் என்பது இந்நோய் வல்லுநர்களின் வழிகாட்டுதல். தாளை மருத்துவரிடம் காட்டி இதைக் கேளுங்கள். பரிசோதிக்காமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்; இரும்பு மிகுந்தாலும் கேடுதான். ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால், மூலம், குடல்புண், குடல் கட்டி என்று எங்கிருந்தாவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

உணவில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் நல்லவை. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவோடு வைத்துக்கொள்ளவும். முருங்கைக்கீரையிலும் இரும்பு உண்டு, ஆனால் உடல் அதைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை பிழிந்தால் சற்றுக் கூடும். நம் வீடுகளில் இதையெல்லாம் கெடுப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ. நோன்புக் கஞ்சி முடிந்ததும் டீ இல்லாவிட்டால் இஃப்தாரே நிறைவதில்லை நமக்கு! ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மாலைக்குப் பிறகு டீ, காபி இரண்டுமே குடைச்சலைக் கூட்டக்கூடியவை. இரத்தம் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஹிஜாமா செய்துகொள்வதும் சரியல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதம் எரிந்து மரத்துப்போனால் சர்க்கரையைப் பாருங்கள். நாள் முழுக்க நின்று நரம்பு புடைத்துக் கடுத்தால் அது சுருள் நரம்பு. காலை உயர்த்தி வைத்தால் குறையும். அந்தக் கடுப்போடு தராவீஹில் நின்றே தீரவேண்டும் என்று வருத்திக்கொள்ளத் தேவையில்லை, உட்கார்ந்து தொழலாம். கால் வீங்கி, அடிக்கடி குளிர்காய்ச்சலும் வந்தால் யானைக்கால் நோயையும் நினையுங்கள். கும்பகோணம் ஒருகாலத்தில் அதற்குப் பெயர்போன ஊர். அந்தக் கிருமி இரத்தத்தில் இரவில்தான் தென்படும் என்பதால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வந்து இரத்தம் எடுத்தார்கள். ஒரே ஒரு கால் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அது இரத்தக் கட்டாக இருக்கலாம்.

குடைச்சல் வந்த இரவில் காலை வெந்நீரில் வைப்பது, கெண்டைக்காலைப் பிடித்துவிடுவது, கொஞ்சம் நடப்பது பலருக்கு உதவுகிறது. சிறுநீரக நோயாளிகளுக்கும் இது அதிகம் வரும் என்பதால் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்வது நல்லது. சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் தூக்கம் வரும் மாத்திரைகள், சில வாந்தி மாத்திரைகள், சில மனச்சோர்வு மாத்திரைகள் குடைச்சலைக் கிளப்பும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். போனதும் 'கால் வலி' என்று சொல்லாமல், 'படுத்தால் குடையுது, நடந்தால் நிக்குது' என்று சொல்லுங்கள்.