சங்கின் இரண்டாவது வேலை: ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் பணிநேர அழைப்பு

தமிழக ஆலை ஊர்களில் ஷிப்டு தொடங்குவதையும் முடிவதையும் அறிவித்த ஊதலுக்குச் ‘சங்கு’ என்று பெயர். ‘சைரன்’ என்ற சொல் கைவசம் இருந்தும், கோயிலிலும் சாவு வீட்டிலும் கேட்டுப் பழகிய ஒலியின் பெயரையே தொழிலாளர் அதற்கு இட்டனர். பணியிடத் தொழில்நுட்பம் மிகும்போது உழைப்போரின் நலம் எங்கே குலைகிறது என்பதற்கு இப்பெயரே ஒரு தடயம்.

பொழுதும் வேலையொழுங்கும் பற்றிய பேச்சில் வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையே வழக்கமான தொடக்கம். ஆலைக்கு முன் மனிதர் வேலையைக் கொண்டு பொழுதை அளந்தனர், கடிகாரமும் மணியோசையும் வந்தபின் பொழுது விலைக்குரியதாயிற்று, அந்த ஒழுங்கு மெல்ல மனத்துக்குள்ளும் குடியேறியது என்பது அவர் வாதம். கைத்தறி நெசவுக்கு இதன் முற்பாதி பொருந்தும். கூலி நெய்த துணிக்கே, இருந்த நேரத்துக்கு அன்று. ஆனால் பொழுதளப்பும் ஒலியழைப்பும் ஆலையோடு வந்தவை அல்ல. முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கடிகாரம் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்வோர் உள்ளனர். 24 நிமிட நாழிகையும் ஆலைக்கு மூத்தது. தாம்சன் கடிகாரத்தின் மேல் சுமத்திய பழி, அழைப்பு எப்போது ஓய்கிறது என்பதைக் கேளாமல் சுமத்திய பழி.

ஆலைக்கு முன்பே ஒலி அழைத்தது என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாளிடம் சான்று உண்டு. திருப்பாவை 6ஆம் பாசுரத்தில் கோயில் சங்கு விடியலில் அழைக்கிறது, அதில் ஐயமில்லை. சிக்கல் 14ஆம் பாசுரத்தில். காவியுடைத் துறவியர் ‘சங்கிட’ப் போகிறார்கள் என்பதற்குச் சங்கு ஊத என்பது நேர்பொருள். சங்கு என்பது இங்கே குச்சி, அதாவது திறவுகோல்; கதவு திறக்கப் போகிறார்கள் என்று கொள்ளும் உரைமரபும் உண்டு. எப்பொருள் கொண்டாலும் சங்கு தொடக்கத்தையே குறிக்கிறது. முடிவை அறிவிக்கும் சங்கு அங்கே இல்லை. பாடலின் காலமும் தீர்ந்தபாடில்லை: மு. இராகவையங்கார் வானியற் குறிப்பைக் கொண்டு 731 என்றார். 9ஆம் நூற்றாண்டு என்போரும் உளர்.

ஆலைதான் சங்குக்கு இரண்டாவது வேலை தந்தது: விடுவித்தல். முடிவுப் பொருள் சாவுச் சங்கிலிருந்து வந்திருக்கக்கூடும். ‘சங்கு ஊதியாச்சு’ என்றால் கதை முடிந்தது என்பதே பேச்சுவழக்கு. இது ஊகமே, எனினும் தள்ளத்தக்க ஊகம் அன்று. விடுவிக்கும் நேரத்தைச் சட்டமும் குறித்தது: தொழிலதிபர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது, 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி வார வேலை 54 மணி. 1922இல் அது 60. 1946 திருத்தம் 48 ஆக்கியது, 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைநிறுத்தி மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலியும் விதித்தது. அச்சட்டம் 1949 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது.  சங்கு பஞ்சுத்தூசியையோ இரைச்சலையோ குறைக்கவில்லை. ஆனால் சட்டம் சொன்ன மணி கடந்தால் ஊரே அறிந்தது.

சங்கில்லாத கொட்டகைகளும் அருகிலேயே இருந்தன. பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி விசைத்தறிகள் சிறு பட்டறைகளில் ஓடின. பல தறிகளை ஒருவரே பார்த்தார்; எப்போது ஓயலாம் என்று அறிவிக்க அங்கே சங்கு இல்லை.

கைப்பேசி சங்கின் முதல் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது. மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் செய்தி இரவு உணவின்போதும் அழைக்கிறது, ‘போய் வா’ என்று சொல்வதில்லை. இராஜபாளையம் மில்ஸ் அடங்கிய ராம்கோ குழுமத்தில் 1997இல் தனி நிறுவனமான ராம்கோ சிஸ்டம்ஸ் இன்று ஊதியக் கணக்கு மென்பொருள் விற்கிறது. அத்தகைய கணக்கில் வருகை பதிவாகும், வீட்டில் பார்த்த செய்தி பதிவாகாது. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுதல் என உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணித்தன. அக்கணிப்பு மணிகளைப் பற்றியது, கைப்பேசியைப் பற்றியதன்று. இரண்டையும் இணைப்பது இக்கட்டுரையின் அனுமானம்.

பணிநேர எல்லை இன்றும் சர்ச்சைக்குரியதே: நாளொன்றுக்கு 12 மணி வேலைக்கு வழிவிட்ட மசோதாவை 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்புக்குப்பின் அது திரும்பப் பெறப்பட்டது. பணிநேரம் கடந்த அழைப்பை மறுக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் இதே உரிமைக்காக மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.