வெடிபொருள் காப்புப் பணியாளருக்கான படைத்துறைப் பதக்கங்கள்

குண்டு, தோட்டா, கண்ணிவெடி, உந்துமருந்து ஆகியவற்றைச் சேமித்து, சோதித்து, பழுது பார்த்து, காலாவதியானதை அழிக்கும் படையினருக்கும், அவர்களோடு உழைக்கும் சிவிலியன் ஊழியருக்கும் அரசு அளித்துவரும் பதக்கங்களையும் பாராட்டுகளையும் பற்றியது இக்கட்டுரை. இந்தியத் தரைப்படையில் இப்பணி பெரும்பாலும் ஆர்மி ஆர்ட்னன்ஸ் கோர் (ஏ.ஓ.சி.) பொறுப்பில் உள்ளது. கண்ணிவெடி அகற்றுவதில் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைக்கும் பங்குண்டு.

இப்பணியின் தன்மையே பதக்கத்துக்கு இடைஞ்சலானது. வெடிமருந்துக் கிடங்கின் வாசலிலேயே தீப்பெட்டி, லைட்டர், கைபேசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே தீப்பொறி கிளப்பாத பித்தளை, வெண்கலக் கருவிகளுக்கே இடம். வெடிபொருள் வைக்கும் ஒரு மேகசீனுக்கும் அடுத்ததற்கும் நடுவே மண்மேடு எழுப்பியிருக்கும். சுற்றிலும் புல் காயக் காய வெட்டியாக வேண்டும். கார்டைட் போன்ற உந்துமருந்து நாளாக ஆகத் தானே சிதைந்து அமில ஆவி விடும். அதைக் கட்டுப்படுத்தச் சேர்த்திருக்கும் நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தொகுதி (லாட்) எண் வாரியாகச் சோதிக்க வேண்டும். அது தீர்ந்துவிட்டால் மருந்து தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். கெட்டுப்போகும் நிலையில் உள்ள ஒரு லாட்டைக் கண்டுபிடித்து ஒதுக்கியவரின் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை என்பதே அவர் செய்த சேவை.

பழைய காலத்தைப் பற்றிச் சொல்லக் கிடைப்பது கொஞ்சமே. உவர்மண்ணிலிருந்து வெடியுப்புக் காய்ச்சும் தொழில் கொங்குப் பகுதியில் இருந்தது. அதைச் செய்தோரில் உப்பிலியர் குறிப்பிடத்தக்கவர். அப்பகுதியின் சேலம் சமவெளி 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. அப்போது சென்னை ராணுவத்தின் பீரங்கிகளையும் மருந்துப் பீப்பாய்களையும் சுமந்து, அடுக்கி, காத்தவர்கள் லஸ்கர்கள் எனப்பட்ட உள்ளூர் ஆட்கள். களத்தில் மடிந்த மறவனுக்கு நடுகல் எடுத்த நாடு இது. மருந்துப் பீப்பாய் காத்த லஸ்கருக்கு அப்படியொரு கல் நின்றதாகச் சான்றில்லை.

நிர்வாக வரலாறு இதைவிடத் தெளிவு. கல்கத்தா வில்லியம் கோட்டையில் 1775 ஏப்ரல் 8-இல் ஆர்ட்னன்ஸ் வாரியம் அமைந்தது. அந்த நாளையே ஏ.ஓ.சி. தன் உதய நாளாகக் கொண்டாடுகிறது. வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் தனித்தனித் துறைகள் 1884-இல் ஒன்றாக்கப்பட்டன. 1922-இல் இந்திய ராணுவ ஆர்ட்னன்ஸ் கோர் என்ற பெயர் வந்தது. சென்னையில் இருந்த பீரங்கி வண்டித் தொழிற்சாலையின் வேலை 1904-இல் ஜபல்பூருக்குப் போய்விட்டது. ஏறக்குறைய அதே சமயம், 1903-04 வாக்கில், நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது.

1837-இல் கம்பெனி இரண்டு கௌரவங்களை ஏற்படுத்தியது. ஆர்டர் ஆஃப் மெரிட் வீரச் செயலுக்கு; ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா நீண்ட, நேர்மையான சேவைக்கு. பின்னதைப் பெற்றவர் சர்தார் பகதூர் அல்லது பகதூர் எனப் பட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது இந்திய அதிகாரிகளோடு நின்றது. கிடங்கில் பெட்டி தூக்கியவரை எட்டவில்லை. 1888-இல் வந்த இந்திய மெரிட்டோரியஸ் சர்வீஸ் பதக்கம் ஹவில்தார், தஃபேதார் நிலையில் நெடுநாள் குறையின்றிப் பணியாற்றியவருக்கானது. ஆரவாரமில்லாத வேலையைக் கணக்கில் எடுத்த முதல் பதக்கம் இதுவே எனலாம்.

பெரோஸ்பூர் ஆயுதக் கிடங்கில் 1906 ஆகஸ்ட் 30 அன்று மேகசீன் ஒன்றில் தீப்பிடித்தது. பக்கத்து அறைகளுக்குத் தீ பரவாமல் தடுத்தவர்களுக்கு ஆல்பர்ட் பதக்கம் கிடைத்தது. உயிர்காக்கும் துணிவுக்கான பதக்கம் அது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குச் சான்றுகள் ஏராளம். 1940 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் கிராஸை நிறுவினார். எதிரியின் கண்முன் அல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கும் மிக உயர்ந்த விருது உண்டு என்றானது, வெடிகுண்டு செயலிழக்கச் செய்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. மறுஆண்டு பம்பாய் சாப்பர்ஸைச் சேர்ந்த பிரேமீந்திர சிங் பகத் அபிசீனியப் போர்முனையில் நான்கு நாள் இடைவிடாமல் உழைத்து, 55 மைல் தூரத்தில் 15 கண்ணிவெடிக் களங்களை அகற்றி விக்டோரியா கிராஸ் பெற்றார்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான பெயர் சுபேதார் சுப்பிரமணியன். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். மதராஸ் சாப்பர்ஸின் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தார். ஃபீல்டு பார்க் கம்பெனி என்பது டிவிஷனுக்கு வேண்டிய கருவிகளையும் தளவாடங்களையும் வைத்துப் பராமரித்து, பழுது பார்த்து அனுப்பும் பிரிவு. அந்த வகையில் அவர் இக்கட்டுரைக்கு முழு உரிமை உடையவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவுடன் சென்றார். குழுவில் ஒருவரின் காலடியில் ஜெர்மானிய எஸ்-மைன் எனும் கண்ணிவெடி ஒன்று தூண்டப்பட்டது. இவ்வகைக் கண்ணி மிதித்தவுடன் வெடிக்காது. ஒரு சொடக்கொலி கேட்கும். சுமார் நான்கு விநாடி கழித்துத் தரையிலிருந்து ஏறத்தாழ இடுப்பளவு எகிறி, சுமார் 360 இரும்புக் குண்டுகளைச் சுற்றிலும் சிதறடிக்கும். கீழே படுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அந்தக் கணக்கு சுப்பிரமணியனுக்குத் தெரியாததல்ல. நான்கு விநாடியில் அவர் அந்தக் கண்ணியின் மீதே பாய்ந்து விழுந்தார். அவர் இறந்தார், உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். அதே ஆண்டு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது.

அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே என்று பலரும் எழுதுவர். முன்பு எம்பயர் வீரப் பதக்கம் பெற்று, பின்னர் அதை ஜார்ஜ் கிராஸாக மாற்றிக்கொண்ட இந்தியரையும் சேர்த்தால் வரிசை மாறும். எப்படிக் கணக்கிட்டாலும் அந்த நான்கு விநாடியின் மதிப்புக் குறையாது.

அதே 1944-இல், ஏப்ரல் 14 அன்று, பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தது. சுமார் 1,400 டன் வெடிபொருளும் பஞ்சுப் பொதிகளும் ஒரே கப்பலில் இருந்தன. தீப்பிடித்தபின் சரக்குப் பட்டியலைப் பார்த்து, துறைமுகமே போய்விடும் என்று எச்சரித்தவர் ஆர்ட்னன்ஸ் கோரைச் சேர்ந்த கேப்டன் ஓபர்ஸ்ட் என்பர். எச்சரிக்கையால் பயன் விளையவில்லை. இறந்தவர் 800 என்றும் 1,300 என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. பட்டியலைப் படித்து எச்சரித்தவரை நினைவுகூரும் நாள் என ஒன்று இல்லாதது குறைதான்.

போர் முடிந்தபின், 1946 ஜனவரி 2 அன்று, இங்கிலாந்தின் சேவர்நேக் ரயில் முனையத்தில் வெடிபொருள் வேகன்கள் வெடித்தபோது, எஞ்சிய வேகன்களைக் காத்ததற்காக மேஜர் பிக்ஸ், ஸ்டாஃப் சார்ஜென்ட் ரோஜர்சன் ஆகிய இரு ஆர்ட்னன்ஸ் பிரிவினர் ஜார்ஜ் கிராஸ் பெற்றனர்.

குடியரசு இந்தியாவில் அசோகச் சக்கர வரிசை 1952-இலும், விசிஷ்ட சேவா பதக்கம் 1960 ஜனவரி 26-இலும் ஏற்பட்டன. பின்னது முதலில் மூன்று வகுப்புகளாக இருந்து, 1967-இல் பரம் விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட என்ற இன்றைய பெயர்களைப் பெற்றது. விதிப்படி எல்லாப் பதவியினரும் தகுதியுடையவர். பரம் விசிஷ்ட பதக்கம் நடைமுறையில் ஜெனரல்களையே சேர்கிறது. சேனா பதக்கமும் 1960-இல் வந்ததே. இவற்றுக்குக் கீழே தரைப்படைத் தளபதியின் பாராட்டு அட்டை உண்டு. கிடங்குப் பணியாளரை அதிகம் எட்டக்கூடியது அதுவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. படைக்கலத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குப் பிரதமரின் ஷ்ரம் விருதுகள் உள்ளன.

இப்பணியின் ஆபத்து தொடர்ந்தது. பரத்பூர் (2000), காஷ்மீரின் குந்த்ரு (2007), மகாராஷ்டிரத்தின் புல்காவ் (2016 மே 31) ஆகிய வெடிமருந்துக் கிடங்குகளில் பெருந்தீ விபத்துகள் நேர்ந்தன. புல்காவில் இரு அதிகாரிகளும் தீயணைப்பு ஊழியர் பலரும் மாண்டனர். இறந்தோர் எண்ணிக்கை முதலில் வந்த செய்திகளிலும் பிறகு வந்தவற்றிலும் ஒன்றாக இல்லை.

2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் திருச்சி எச்.ஏ.பி.பி. தொழிற்சாலையும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தன. வீரப் பதக்கமும் சிறப்புச் சேவைப் பதக்கமும் பெற்ற தமிழகப் படையினருக்கு மாநில அரசு தனியே பணக்கொடை அளிக்கிறது. உரியவர்கள் தத்தம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.