அமிகாவில் பிறந்த கோப்பு

விம் எடிட்டரின் மூலநிரலை இறக்கிப் பார்த்தால், உள்ளே ‘ஓஎஸ்_அமிகா.சி’ என்றொரு கோப்பு கிடக்கும். அமிகா கம்ப்யூட்டரை விற்ற கமடோர் கம்பெனி 1994 ஏப்ரலிலேயே திவாலாகிவிட்டது. புதிதாகப் பார்ப்பவருக்கு, யாரோ மறந்துவிட்டுப்போன பெட்டி என்று தோன்றும். ஆனால் விம் பிறந்ததே அமிகாவில்தான்.

நெதர்லாந்துக்காரர் ப்ராம் மோலனார் 1988-இல் தன் அமிகாவில் ஓடக்கூடிய, விஐ மாதிரியான எடிட்டர் வேண்டுமென்று தேடினார். ஸ்டீவி என்ற எடிட்டர் கிடைத்தது. அதுவே அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டு, பிறர் கைபட்டு அமிகாவுக்கு வந்த சரக்கு. அதை வைத்து அவர் செய்த விம், 1991-இல் ஃப்ரெட் ஃபிஷ் என்ற அமிகா மென்பொருள் தொகுப்பின் 591-ஆம் வட்டில் வெளியானது. அடுத்த ஆண்டே யூனிக்ஸுக்குக் குடிபோனது.

குடிபோனபோதுதான் எது பொது, எது அந்தந்த இடத்துக்கு உரியது என்று பிரிக்கவேண்டி வந்தது. ஒரு சொல்லை அழிப்பதோ, வரியை வெட்டி ஒட்டுவதோ எல்லா மெஷினிலும் ஒன்றுதான். விசைக்காகக் காத்திருப்பது அப்படியல்ல. ‘இத்தனை மைக்ரோசெகண்டுக்குள் யாராவது விசையைத் தட்டினார்களா?’ என்று அமிகாவிடம் கேட்க ‘வெயிட்ஃபார்கேர்’. யூனிக்ஸில் ‘செலக்ட்’ அல்லது ‘போல்’. விண்டோஸ் கன்சோலில் விசையும் மவுஸும் ஒரே வரிசையில் நிற்கும், பொறுக்கி எடுக்கவேண்டும். விம்மின் பொதுப்பகுதிக்கு இந்த வம்பெல்லாம் தெரியாது. ‘எம்சிஎச்_இன்கேர்’ என்று கூப்பிடும், அவ்வளவுதான். எம்சிஎச் என்பது மெஷினின் சுருக்கம். அதே பெயரில் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் அதன் கோப்பில் ஒரு ஃபங்ஷன் உண்டு. கம்பைல் செய்யும்போது எந்தக் கோப்பைச் சேர்க்கிறோமோ, அது பதில் சொல்லும்.

எழுதும்போது சுத்தமாக இருக்கிறது. நிஜத்தில் இந்தப் பிரிப்புச் சுவர் கசியும். அமிகாவில் டிரைவின் பெயர் ‘டிஎஃப்0:’ என்று முக்காற்புள்ளியோடு முடியும் என்பதால், பாதையை எங்கே பிரிப்பது என்ற கேள்வி பொதுக் கோப்புகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அங்கெல்லாம் ‘இஃப்டெஃப்’ என்ற நிபந்தனை போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். வேறு வழியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விண்டோஸ் கதை இன்னும் வேடிக்கை. 16-பிட்டுக்கு ஒரு கோப்பு, 32-பிட்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவானதை வைக்க ‘ஓஎஸ்_எம்எஸ்வின்.சி’. 2016-இல் விம் 8.0 வந்தபோது 16-பிட்டும், டாஸும், ஓஎஸ்/2-உம் வெளியேறின. பங்காளி போனபிறகும் பொதுக்கோப்பு அப்படியே நிற்கிறது. தப்பித்தது அமிகா! இன்னும் அந்த மெஷினை விடாத சிலர் அவ்வப்போது திருத்தி அனுப்புவதால்தான் அந்தக் கோப்பு கம்பைல் ஆகிறது. விம்மைத் தொடங்கிய ப்ராமோ 2023 ஆகஸ்ட்டில் காலமானார்.

2014-இல் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்காரர்களுக்கு இந்தப் பழைய சாமான்மீது பாசமில்லை. அமிகா கோப்பைத் தூக்கி எறிந்தார்கள். விசைக்குக் காத்திருக்கும் வேலையை, நோட்.ஜேஎஸ்-ஸுக்காக எழுதப்பட்ட லிப்யூவி என்ற நூலகத்திடம் ஒப்படைத்தார்கள். நியோவிம் இப்போது ஓரளவு இளைத்துத் தெரிகிறது. ஆனால் லிப்யூவியின் மூலநிரலைத் திறந்து பாருங்கள்: உள்ளே இரண்டு ஃபோல்டர்கள். ஒன்றின் பெயர் ‘யூனிக்ஸ்’, இன்னொன்று ‘வின்’.